டச்சுக்காரன் ஸ்டவ்

பழவேற்காட்டில் மண்ணைத் தோண்டி எதை எடுத்தாலும் அது டச்சுக்காரனுடையதுதான். உடைந்த ஓடு கிடைத்தால் டச்சுக்காரன் வீட்டு ஓடு. துருப்பிடித்த ஆணி கிடைத்தால் டச்சுக்காரன் கப்பல் ஆணி. என் டீக்கடைக்குப் பின்னால் கழிவுநீர் விடக் குழி வெட்டியபோது ஒரு பீங்கான் கிண்ணம் வந்தது. ஊரே வந்து பார்த்தது. ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டு, டச்சுத் துரை கஞ்சி குடித்த கிண்ணம் என்று முடிவு செய்துவிட்டுப் போனார்கள். எனக்கு முன்னால் அந்த இடத்தில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவர் சோப்பு நுரை கலக்கிய கிண்ணம் அது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு வியாபாரம் ஜோராக நடந்தது. நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்?

இப்படிப்பட்ட ஊரில், எங்கள் குப்பத்தில் ஒருவருடைய வலையில் ஒரு நாள் ஒரு பழைய ஸ்டவ் ஏறியது. ஸ்டவ்வைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் சொல்வதை நம்பமாட்டீர்கள்.

எனக்கு அவர் உறவில்லை. நாலு வீடு தள்ளி இருந்தார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் மனைவியை அண்ணி என்பேன். தொழில் வலைதான். ஆனால் மனசு முழுக்கத் திருகாணியில் இருந்தது. எது பழுதானாலும் உட்கார்ந்து பிரித்து, துடைத்து, பூட்டி, புதுசு மாதிரி ஆக்கிவிடுவார். அதில் குறை சொல்ல முடியாது. ஆக்கிய பிறகு ஒருவரும் அதைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். அவர் வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. நன்றாகப் பாடும், ஆனால் பாட விடமாட்டார். பாடினால் தேய்ந்துவிடுமாம். சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. சாவி கொடுத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்று நிறுத்தி வைத்திருந்தார். மணி பார்க்க என் கடைக்கு வருவார். என் கடிகாரம் தாமதமாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டு, கடன் டீ ஒன்று குடித்துவிட்டுப் போவார்.

மழைக்காலத்தில் அவர் வீட்டுக் கூரை ஒழுகும். ஒழுகினால் முதலில் ரேடியோ நகரும். அப்புறம் கடிகாரம் நகரும். பிள்ளைகள் இரண்டும் கடைசியாக நகரும். கூரையைச் சரி பண்ண வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. கூரையில் திருகாணி கிடையாது அல்லவா?

அவருடைய கல்யாணத்தை நான் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளையும் பெண்ணும் கோயிலைச் சுற்றி ஊர்வலம் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போன பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று மங்கிக்கொண்டே வந்தது. மாப்பிள்ளைக்குக் கை பரபரத்தது. கழுத்து மாலையைக் கழற்றிப் பெண் கையில் கொடுத்துவிட்டு, விளக்குக்காரரை நாலு திட்டுத் திட்டி, பட்டு வேட்டியோடு தெருவில் உட்கார்ந்து பம்ப்பைப் பிரித்துவிட்டார். மேளக்காரருக்கு நடப்பதா நிற்பதா என்று தெரியவில்லை, நின்ற இடத்திலேயே வாசித்தார். பெண் இரண்டு மாலையையும் சுமந்துகொண்டு எல்லோர் முன்னாலும் நின்றாள். விளக்கு அதற்குப் பிறகு பகல் மாதிரி எரிந்தது, அதைச் சொல்ல வேண்டும். மீதித் தெருவை மாப்பிள்ளை விளக்கைப் பார்த்துக்கொண்டே சுற்றினார். பெண் முகத்தை எப்போது பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பெண்தான் அண்ணி. வாய் குறைவு, ஆனால் திறந்தால் சுருக்கென்று வரும். ஒரு முறை நான் கிண்டலாக, அண்ணன் கை பட்டதெல்லாம் பளபளவென்று இருக்கிறதே என்று சொன்னேன். அண்ணி சுண்டல் கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆமா தம்பி. நானும் புள்ளைங்களும்தான் இன்னும் பழுதாவாம கீறோம். அதான் எங்க பக்கம் திரும்பறதில்ல."

சாயங்காலத்தில் அவள் படகுத்துறையில் சுண்டல் விற்பாள். காலையில் மீன் கூடை தூக்குவாள். வீடு ஓடியது பாதி அதில்தான். மீதி ஓடியது பாட்டில்.

பாடு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் இறால் எந்த வழியாக ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒரே நாளில் போய் அங்கே வலை கட்டினால் மண்டைதான் உடையும். அதனால் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. அப்பனுக்குப் பின் மகனுக்கு வரும். முறைக்காரனுக்கு உடம்பு சரியில்லை என்றால் பங்காளி போகலாம், ஆனால் பிடித்தது முறைக்காரன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். பாட்டை விற்கக் கூடாது, ஒரு பொருளுக்குக் கை மாற்றக் கூடாது. மாற்றினால் பாடே போய்விடும். அப்பன் தொலைத்த பாடு மகனுக்கும் வராது. எங்கள் குப்பத்தில் குடித்துவிட்டுச் சண்டை போட்டவனை மன்னித்திருக்கிறார்கள், ஒருத்தியை இழுத்துக்கொண்டு ஓடினவனைக்கூட மன்னித்திருக்கிறார்கள். பாட்டில் கை வைத்தவனை மன்னித்ததாக எனக்கு நினைவில்லை.

இனி ஸ்டவ்வுக்கு வருகிறேன். அவருடைய பாட்டில் ஒரு நாள் வலையைக் கரையில் உதறியபோது, இறாலோடும் பாசியோடும் ஒரு தகரப் பெட்டி விழுந்தது. பெட்டி தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. உள்ளே தேங்காய் அளவில் ஒரு பித்தளைத் தொட்டி, கழற்றி மாட்டுகிற மூன்று கால், ஒரு பம்ப்புக் குழாய். ஊர் ஊராகப் போகிறவர்கள் பையில் போட்டுக்கொண்டு போய், கூடாரம் அடித்த இடத்தில் வைத்துக் காபி போடுகிற சின்ன ஸ்டவ். பூநாரை பார்க்க வந்த எவனோ ஒரு வெள்ளைக்காரன் படகிலிருந்து நழுவ விட்டிருப்பான். சிப்பி ஒட்டி, பச்சைக் களிம்பு ஏறி, ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. பர்னர் இல்லை. பம்ப்புத் தண்டு பாதியில் ஒடிந்திருந்தது. எண்ணெய் ஊற்றும் வாய்க்கு மூடி இல்லை. வேறு யாராக இருந்தாலும் பழைய பித்தளைக்குப் போட்டிருப்பார்கள்.

அவர் அன்றைக்குப் பிடித்த இறாலைக் கரையில் அப்படியே போட்டுவிட்டு, ஸ்டவ்வைத் தலைத்துண்டில் சுற்றிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார். காக்கை கொத்தியது போக மிச்சத்தை அண்ணி ஓடி வந்து பொறுக்கினாள்.

என் கடைக்கு ஏன் வந்தார் என்றால், குப்பத்தில் பம்ப் ஸ்டவ் வைத்திருந்தது நான் ஒருவன்தான். பாய்லர் வாங்க வக்கில்லாமல் ஒரு பெரிய ஸ்டவ்வில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அதைக் குனிந்து பார்த்தார். இது ஸ்டவ் இல்லை, தகரம் என்றார். அந்தத் தகரத்தில் போட்ட டீயை ஊதி ஊதிக் குடித்தார். பிறகு மடியிலிருந்த மூட்டையை அவிழ்த்து, டச்சுக்காரன் ஸ்டவ் என்று அறிவித்தார். டச்சுக்காரன் காலத்தில் கிருஷ்ணாயில் ஏது என்று கேட்டேன். மீன் எண்ணெய் ஊற்றி எரித்திருப்பான் என்றார், யோசிக்கக்கூட இல்லை.

அதே வாரம் டச்சுக் கல்லறை பார்க்க வந்த ஒரு கல்லூரி வாத்தியார், கடையில் டீ குடிக்கும்போது ஸ்டவ்வின் அடியில் இருந்த எழுத்தைப் படித்துப் பார்த்தார். இது சுவீடன் தேசத்தில் செய்தது, டச்சுக்காரர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவர்கள் இங்கிருந்து போய் வெகு காலம் கழித்துத்தான் இந்த மாதிரி ஸ்டவ்வே வந்தது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அண்ணன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "டச்சுக்காரன் வாங்கினு வந்திருப்பான் சார். இதோ இவன் டீக்கடை வச்சிகினு கீறான். சர்க்கரையை இவனா காய்ச்சறான்?" வாத்தியார் டீயை முடிக்காமல் எழுந்து போனார்.

அதிலிருந்து ஆரம்பித்தது. களிம்பு போக வேண்டும் என்று புளி போட்டுத் தேய்த்தார். வீட்டில் குழம்பு வெளுத்துக்கொண்டே வந்தது, ஸ்டவ் சிவந்துகொண்டே வந்தது. இது முடியட்டும், அடுப்புப் புகையில் நீ கண்ணைக் கசக்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லி வைத்திருந்தார். ஈர முள்விறகை ஊதி ஊதி இருமிக்கொண்டிருந்த அண்ணி அதை முதலில் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

நசுங்கலை எடுத்த கதை குப்பத்தில் இன்னும் சிரிப்பாய்ச் சிரிக்கிறது. தொட்டிக்கு உள்ளே கை நுழையாது, தட்டி எடுக்க வழியில்லை. சுண்டலுக்கு அண்ணி வாங்கி வைத்திருந்த கொண்டைக்கடலையை எண்ணெய் ஊற்றும் வாய் வழியாக ஒவ்வொன்றாக உள்ளே போட்டு நிரப்பினார். தண்ணீர் ஊற்றி, வாயிலும் பர்னர் ஓட்டையிலும் கட்டையை அடித்து இறுக்கிக் கட்டிவிட்டார். கடலை ஊறி உப்பினால் உள்ளிருந்து தள்ளும் என்பது கணக்கு. கணக்கு சரியாகத்தான் வந்தது. டொக் என்று ஒரு சத்தம், நசுங்கல் போன இடம் தெரியவில்லை. குப்பமே வாயைப் பிளந்தது. ஆனால் உலர்ந்து உள்ளே போன கடலை ஊறிய பிறகு அந்தச் சின்ன வாய் வழியாக எப்படி வெளியே வரும்? அந்த யோசனை ஊறப் போடுவதற்கு முன்னால் வரவில்லை. குடைக் கம்பியை வளைத்துக்கொண்டு என் பெஞ்சில் உட்கார்ந்து நோண்டி நோண்டி எடுத்தார். கடலை புளித்து நாறியது. என் வாடிக்கைக்காரர்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள். அண்ணி அந்த நாட்களில் வெறுங்கூடையோடு படகுத்துறைக்குப் போய், பழகின இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது என்பது உண்மை. அவளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது என்பதும் உண்மை.

அடுத்தது பம்ப்பின் வாஷர். தோல் வாஷர். பொன்னேரியில் எந்த ஸ்டவ் கடையில் கேட்டாலும் கிடைக்கும். நானே ஒன்று எடுத்துக் கொடுத்தேன். தொடமாட்டேன் என்றுவிட்டார். டச்சுக்காரன் இங்கே இருந்தபோது வாஷர் வாங்கப் பொன்னேரிக்கா போயிருப்பான், இங்கே கிடைத்ததைத்தான் போட்டிருப்பான் என்று சொல்லி, திருக்கை மீன் தோலை உரித்துக் காயவைத்து, வட்டமாக வெட்டிப் போட்டார். தோல் மிருதுவாக இருக்க அதைச் சுறா எண்ணெயில் ஊற வைத்தார். சுறா எண்ணெய் படகுக்குப் பூசுகிற சாமான். அதன் வாடையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள், எங்கள் மூக்குக்கு ஒன்றும் தெரியாது.

பம்ப்புக்குப் புதுத் தண்டும் வாய்க்கு மூடியும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தன, பர்னர் மட்டும் வரவில்லை. பர்னர் இல்லாத ஸ்டவ்வை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பம்ப் அடித்துக் காட்டலாம். டச்சுக் கல்லறை வாசலில், எலும்புக்கூடு செதுக்கிய தூண் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பட்டணத்திலிருந்து வருகிறவர்களைக் கூப்பிட்டு வைத்துக் காட்டுவார். பர்னர் பூட்ட வேண்டிய ஓட்டையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு பம்ப் அடிப்பார். பிறகு விரலை எடுப்பார். புஸ் என்று சுறா எண்ணெய்க் காற்று வந்தவர்கள் முகத்தில் அடிக்கும். ஒரு அம்மாள் கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு நகர்ந்து போய் மதிலோரம் நின்றார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு அண்ணன் என் கடைக்கு வந்து, ஒரு அம்மாவுக்குப் பழைய காலத்தை நினைத்து அழுகையே வந்துவிட்டது என்று சொல்லிப் பெருமைப்பட்டார்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் அவருக்குச் சித்தப்பா மகன் ஒருவன் இருந்தான். ஐஸ் பெட்டியில் இறால் ஏற்றிக்கொண்டு பட்டணம் போய் வருகிறவன். பழைய பித்தளை விற்கிற கடைகள் அவனுக்குத் தெரியும். ஒடிந்த தண்டுக்குப் பதில் ஒரு தண்டு தேடிக் கொண்டுவந்தது அவன்தான். சும்மா கொடுக்கவில்லை. கோடைக்காலத்தில், இறால் அதிகம் ஓடாத நாளில் வந்த அண்ணனுடைய பாட்டில் அவன் போய் வலை கட்டினான். அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குச் சொன்னார்கள். வலை வெறுமையாக வந்தது என்று அண்ணியிடம் சொன்னார்கள். மூடி ஒன்று கிடைத்தது, இன்னொரு பாடு போனது. அதற்கும் அதே உடம்பு, அதே வெறும் வலை. இப்போது சொல்கிறேனே தவிர, அப்போது இதெல்லாம் எனக்கும் தெரியாது, அண்ணிக்கும் தெரியாது. கோடையில் வலை வெறுமையாக வருவது ஒன்றும் அதிசயமில்லை.

கார்த்திகையில் அப்படி இல்லை. மழைத் தண்ணீர் இறங்கி, முகத்துவாரம் நன்றாகத் திறந்து, ஏரியில் இறால் மந்தையாக ஓடுகிற காலம். அந்த மாதத்தில் வருகிற ஒரு பாட்டில்தான் எங்கள் வீடுகளில் கடன் அடையும், கூரைக்குக் கீற்று வரும், பிள்ளைகளுக்குத் துணி வரும். அந்தப் பாடு வருகிற அன்றைக்கு முறைக்காரன் வீட்டில் முதல் நாளே வலைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். அண்ணியும் தெளித்து வைத்திருந்தாள்.

சித்தப்பா மகன் பட்டணத்திலிருந்து ஒரு பர்னர் கொண்டுவந்திருந்தான்.

முறை நாளன்று அண்ணன் காலையில் எழுந்திருக்கவில்லை. குளிர்க் காய்ச்சல் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அண்ணி நெற்றியில் ஈரத்துணி போட்டாள், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். பிறகு மழையில் நனைந்துகொண்டு ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போய், வீட்டுக்காரருக்கு நெருப்பாய்க் கொதிக்கிறது, பங்காளி போகட்டும் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டு, மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு வியாபாரத்துக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் இவர் எழுந்தார். அவரால் எப்படிப் படுத்திருக்க முடியும்? பர்னர் வந்துவிட்டது. பூட்டிப் பார்த்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. அதை வீட்டுக்குள்ளேயே கொளுத்திப் பார்த்துவிட்டு மறுபடியும் போர்வைக்குள் போயிருந்தால் ஒரு நாயும் கேட்டிருக்காது. ஆனால் பார்க்க ஆள் வேண்டாமா? தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, ஸ்டவ்வை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டார்.

மழை என்பதால் கடை நிறைய ஆள். மூலையில் ஊர்த் தலைவரே உட்கார்ந்து, அண்ணனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் கண்ணைக் காட்டினேன், இருமினேன், கிளாஸைக் கீழே போட்டும் பார்த்தேன். அண்ணன் என்னிடம் கிருஷ்ணாயிலும் ஸ்பிரிட்டும் தீப்பெட்டியும் கேட்டார். தொட்டியில் எண்ணெய் விட்டு, பர்னருக்கு அடியில் இருந்த சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தி, பர்னர் சூடாகும் வரை காத்திருந்து, நிதானமாகப் பம்ப் அடித்தார். எரிந்தது. மஞ்சள் கலக்காத நீலம், வட்டமாக, ஆடாமல் அசையாமல். நான் ஸ்டவ்வோடு வயிறு வளர்த்தவன். அப்படி ஒரு தீயை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு நடுவில் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

தலைவர் கிளாஸைக் கீழே வைத்தார். காய்ச்சல் விட்டுவிட்டதா என்று கேட்டார்.

"இன்னா காய்ச்சல்?" என்றார் அண்ணன். சத்தியமாக மறந்துபோய்விட்டார். தலைவர் அதற்கு மேல் அதைக் கேட்கவில்லை. பர்னர் புதுசாக இருக்கிறதே, ஏது என்றார்.

"தம்பி கொண்டாந்தான். சும்மா தருவானா? இன்னிக்கிப் பாட்டை அவனுக்கு உட்டேன்." ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. விலை உயர்ந்த பொருள் என்று நாங்கள் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகச் சொன்னார். கடையில் ஒரு சத்தமும் இல்லை, ஸ்டவ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. எல்லோரும் தீயைப் பார்த்து வாயடைத்துப் போனோம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் ஊர்க் கூட்டம் போட்டார்கள். அந்தப் பொருளைக் கொண்டுவா என்று ஆள் விட்டார்கள். குற்றத்துக்குச் சாட்சியாகக் கேட்கிறார்கள் என்பது எல்லோருக்கும் புரிந்தது, அவரைத் தவிர. கொண்டுவரும்போதே ஸ்பிரிட்டையும் கொண்டுவந்திருந்தார். மணலில் பலகை போட்டு, மூன்று காலையும் மாட்டி, கேட்காமலே கொளுத்திவிட்டார். பெரியவர்கள் திட்ட வந்தவர்கள்தான். ஆனால் நீலத் தீ எழும்பியதும் ஒவ்வொருவராகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். தலைவர்கூடக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அண்ணன் திருக்கைத் தோல் வாஷரைப் பற்றி ஆரம்பித்தார். சித்தப்பா மகன் மணலைப் பார்த்தபடி நின்றான்.

பிறகு தலைவர் அவரை விட்டுவிட்டு, பெண்கள் நின்ற பக்கம் திரும்பினார். "காய்ச்சல்னு நீதானம்மா வந்து சொன்ன."

எங்கள் கூட்டத்தில் பெண்கள் ஓரமாக நின்று கேட்பார்கள், பேசுவது வழக்கமில்லை. அண்ணி கூட்டத்தின் நடுவுக்கு வந்தாள். நான் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியாது மாமா, நேற்றுக் காலையில் அவருக்குக் கஞ்சி ஊட்டியது இந்தக் கைதான் என்றாள். கோடையில் வலை வெறுமையாக வந்ததும் இப்படித்தானா என்று சித்தப்பா மகனைக் கேட்டாள். அவன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். அதுவே எல்லோருக்கும் பதிலாகிவிட்டது. பாடு போகும் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் பையன், பள்ளிக்கூடச் சட்டையோடு, தங்கை கையைப் பிடித்துக்கொண்டு ஆலமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் சேர்த்துத்தான் போகும் என்பது அந்தக் கூட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அண்ணி வீட்டுப் பக்கம் போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தோம். திரும்பி வரும்போது கையில் அவள் வீட்டுச் சோற்றுப் பானை இருந்தது. கரி பிடித்த கனத்த அலுமினியப் பானை. நேராக வந்து, எரிந்துகொண்டிருந்த ஸ்டவ்வின் மேல் வைத்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் தெரியும்படி சாய்த்துக் காட்டிவிட்டுத்தான் வைத்தாள்.

"நல்லா எரியுது மாமா. நான் குறை சொல்லல. இதுல இன்னா போட்டு ஆக்கறதுன்னு ஊர் சொல்லட்டும்."

பெரியவர்கள் எழுந்து கோயில் பின்பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். ஊரில் அதுவரை சொல்லாத தீர்ப்பு ஒன்றைத் தலைவர் சொன்னார். இனி அண்ணன் பாட்டில் இறங்கக் கூடாது. ஆனால் பாடு அந்த வீட்டை விட்டுப் போகாது. பையன் தலையெடுக்கும் வரை அண்ணியின் தம்பி போய் வலை கட்டுவான், பிடித்தது அண்ணி கைக்கு வரும். நேற்று பிடித்ததைச் சித்தப்பா மகன் இன்றைக்கே அவளிடம் கொடுக்க வேண்டும். அவன் தலையை ஆட்டினான். அண்ணி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு ஆணுக்குக் குப்பத்தில் இதைவிட அவமானம் கிடையாது. உயிரோடு இருக்கும்போதே ஏரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தலைவர் கேட்டார். எனக்கு அவர் மேல் அந்த நிமிஷம் பரிதாபம்கூட வந்தது.

அவர் இத்தனை நேரமும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பானைக்கு அடியில் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். முகம் வெளிறித்தான் இருந்தது.

"பானை கனமா கீது. கால் வளையுது பாரு. எடு முதல்ல" என்றார் அண்ணியிடம்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் குடிப்பதற்காகக் கோயில் படியில் ஒரு குடம் தண்ணீர் வைத்திருந்தார்கள். அண்ணி போய் அந்தக் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, பானை நிறைய ஊற்றினாள்.